சாயங்காலத்தில் தூங்கிப்போகும் கணினிகள்

“அந்தப் புள்ள மடியில லெப்டொப்ப வச்சிக்கிட்டு என்னாதான் பண்ணுது?”

பிரியந்தி அக்காவைப் பெண் பார்க்க நுவரெலியாவிலிருந்து வந்த ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இப்படிக் கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில், எங்கள் காம்பராவுக்கும் அக்காவின் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அக்கா இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். அப்படியிருந்தும் அவர் என்ன செய்கிறார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொம்பியூட்டர் திருத்துகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் ஏன் கையை வைக்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அக்கா அப்படித்தான் இருப்பார். திரையில் ஏதாவது ஒரு வரியைப் படிப்பார், பிறகு தகரக் கூரையில் புகை படிந்த இடத்தை வெகுநேரம் பார்ப்பார். பக்கத்தில் வைத்த பிளேன்டீ ஆறிப்போய்விடும்.

வந்தவர்கள் வேன் வரும்வரை வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை.

பிரியந்தி அக்காவின் அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். அம்மா வீரம்மா கொழுந்து எடுக்கிறார். அக்கா ஹட்டனில் படித்தார். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற அளவு புள்ளி கிடைக்கவில்லை. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கணினிக் கடையில் திருத்துகிற வேலைக்குச் சேர்ந்தார். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் பிழைச் செய்திகளைப் படித்தே கற்றுக்கொண்டார். அதனால் அவருடைய ஆங்கிலத்தில் “முடியவில்லை”, “கிடைக்கவில்லை”, “மறுபடி முயற்சி செய்க” போன்றவைதான் முதலில் வரும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மாலை பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, யாரோ முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கணினி நிரல்களைப் போனில் வாசித்துக்கொண்டு வருவார். அது காதல் கதை என்று பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தேகம். பல நாள் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். பிறகு தேயிலைக்கு நடுவே இருக்கிற குறுக்குப் பாதையில் நடந்து வருவார். மூட்டத்துக்குள் முதலில் போனின் வெளிச்சம் மட்டும் தெரியும். அது காற்றில் மிதந்து வருவதுபோல இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் பின்னால் அக்கா தெரிவார்.

அந்தக் கடைக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து பழைய மடிக்கணினிகள் ஒரு தொகுதி வந்தன. எல்லாம் ஒரே மாதிரி. தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனில் படிக்கிற பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு அவற்றை வாங்கச் சொன்னது அக்காதான். விலை கொடுக்கத் தேவையில்லாத, யாரும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்தை ஒவ்வொன்றிலும் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். காலையில் அவை நன்றாக ஓடின. சாயங்காலம் மூட்டம் இறங்கியதும் எல்லாம் தூங்கிப்போயின. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வர ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் ஆனது. பாட வீடியோவில் ஆசிரியை வாயைத் திறந்தபடி நின்றார். அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகும். ஆனால் அணைக்கவே வெகுநேரம் ஆகும், மறுநாள் சாயங்காலம் மறுபடியும் தூக்கம்.

பனிதான் உள்ளே போகிறது என்று எங்கள் லயத்தில் முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரியே கணினிகளுக்கும் சுவெட்டர் போட்டார்கள். ஒரு வீட்டில் கம்பளித் தொப்பி மாட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்ததில் அந்தக் கணினி கருவாட்டு வாசம் வீசத் தொடங்கியது. தெருவில் அக்காவைக் கண்டால், ஒங்க புள்ளைக தூங்கிருச்சி, தாலாட்டுப் பாட வாங்க என்று கேலி செய்தார்கள்.

அக்காவும் பனி என்றுதான் நம்பினார். இங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் முதலில் அதுதானே தோன்றும்? எங்களுக்குத் தீப்பெட்டி பற்றாவிட்டாலும் பனி, கதவு இறுகினாலும் பனி. கணினியின் வெப்பத்தை அளக்கிற பகுதியில் பிழை இருக்கவேண்டும் என்று நினைத்து அந்த நிரலையே அவர் மாதக்கணக்கில் தோண்டிக்கொண்டிருந்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் காலத்தில்தான்.

மாரியம்மன் கோயில் தேர் அன்றைக்கு லீவு; கொழுந்து எடுக்க மலைக்கு யாரும் போகவில்லை. சாயங்காலம் மூட்டம் மிக அடர்த்தியாக இறங்கியது. தேரில் கட்டியிருந்த விளக்குகள் மட்டும் தெரிந்தன, தேர் தெரியவில்லை. கடைக்கு அவசரமாகச் செய்துகொடுக்கவேண்டிய ஒரு கல்யாணப் பத்திரிகைக்காக அக்கா பாதியில் வீட்டுக்கு வந்தார். நானும் கால் கடுத்து அவருடன் திரும்பியிருந்தேன். அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து வேலை செய்தார். கைவிரலில் ஈரம் சொட்டுகிற அளவு பனி. கணினி காலை நேரம்போல ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா தட்டுவதை நிறுத்தினார். தலையைச் சாய்த்து எதற்கோ காது கொடுத்தார். பறை மேளமும் ஒலிபெருக்கியும் தூரத்தில் கேட்டன. அவர் தேடியது அவற்றை அல்ல.

“ஸ்டோர் சத்தம் இல்ல,” என்றார்.

தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். சாயங்காலம் கொழுந்து வந்து சேர்ந்ததும் அதை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய காற்றாடிகளால் காற்று ஊதி வாட்டுவார்கள். அந்த இரைச்சல் எங்களுக்கு மூச்சு மாதிரி; இருக்கும்போது கேட்காது. மூட்டம் இறங்குகிற நேரமும் காற்றாடி போடுகிற நேரமும் ஒன்றுதான். காற்றாடிகள் எழும்பும்போது லயத்து விளக்குகள் எல்லாம் ஒரு கண் சிமிட்டுகிற நேரம் மங்கி, பிறகு நிமிரும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்ததால் அதையும் நாங்கள் கவனித்ததில்லை.

அந்தக் காற்றாடிகளுக்கு மின்சாரம் போடுகிறவர் என் அப்பா பழனியாண்டி.

அக்கா அங்கேயே உட்கார்ந்து, வெப்பத்தை விட்டுவிட்டுக் கரண்டைக் கவனிக்கிற நிரலைத் திறந்து படித்தார். அவர் என்னதான் செய்கிறார் என்று அன்றைக்குத்தான் நான் கேட்டேன், அவரும் சொன்னார். கணினியின் மூளை எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலை இருந்தால் வேகமாகவும், இல்லாவிட்டால் மெதுவாகவும் ஓடும். சார்ஜரில் கரண்ட் நின்றால் பெட்டரியை மிச்சம் பிடிக்க வேகத்தை அடியோடு குறைக்கும். இந்த வேகத்தை ஏற்றி இறக்குவதற்கென்று இயங்குதளத்தில் ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அதை டிரைவர் என்கிறார்கள். கரண்ட் போய்விட்டது என்று அதற்கு ஒரு செய்தி வரும். வந்துவிட்டது என்று இன்னொரு செய்தி வரும். எனக்கு இது பாதிதான் விளங்கியது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோட்டத்தை நடத்துகிற தொரையையும் ஆட்களை மேற்பார்க்கிற கங்காணியையும் வைத்து வேறு மாதிரி சொன்னார்.

“தொரை கங்காணியக் கூப்பிட்டு, ‘ஆளுகள மெதுவா எடுக்கச் சொல்லு’ங்குறாரு. கங்காணி மலைக்குப் போயி ஒவ்வொரு ஆளா சொல்லிக்கிட்டு இருக்காரு. சொல்லி முடிக்கல. அதுக்குள்ள தொரை, ‘இல்ல, வேகமாவே எடுக்கட்டும்’னு சத்தம் போடுறாரு. கங்காணி காதுல விழல.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, எல்லாரும் மெதுவாவே எடுக்குறாங்க. தொரை சொல்லிட்டேன்னு நெனச்சிக்கிட்டு பங்களாவுல தூங்குறாரு.”

கரண்ட் ஒழுங்காக இருக்கிற ஊரில் இந்தப் பிழை வராது. ஒரேயடியாகப் போய் வெகுநேரம் கழித்து வருகிற ஊரிலும் வராது. போன உடனே வருகிற எங்கள் ஊரில் மட்டும்தான் இரண்டாவது செய்தி தொலைந்துபோகும். அப்படியானால் இத்தனை நாளும் எல்லாக் கணினியையும் தூங்க வைத்தது எங்கள் அப்பாவா என்று கேட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அக்கா அந்த நிரலைத் திருத்தினார். திருத்தியது சில வரிகள்தான். முதல் வேலை முடிந்ததும், இதற்கிடையில் வேறு செய்தி வந்ததா என்று கங்காணி ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அதை அந்த டிரைவரைப் பராமரிக்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அனுப்பினார். பிழையைப் பற்றி எல்லோரும் பார்க்கிற இடத்திலும் எழுதிவைத்தார். அங்கே கென்யா நாட்டு ஆசிரியர் ஒருவர் பதில் போட்டார். அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மரம் அறுக்கிற ஆலை இருக்கிறதாம். அங்கேயும் இதே கணினி, இதே தூக்கம். அவற்றைக் கழித்துவிடப் பள்ளிக்கூட அதிபர் தீர்மானித்திருந்தார். தூர நாட்டில் ஒரு பெண் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்று இந்த ஆசிரியர் தடுத்து வைத்திருக்கிறாராம். தனக்கு நிரல் எழுதத் தெரியாது, காத்திருக்க மட்டும் தெரியும் என்று எழுதியிருந்தார். அக்கா அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

பராமரிப்பாளரின் பதில் மரியாதையாகத்தான் இருந்தது. திருத்தம் சரியாக இருக்கலாம், ஆனால் தன்னிடம் இந்தப் பிழை ஒருமுறைகூட வரவில்லை. கணக்கில்லாத கணினிகளில் ஓடுகிற இடத்தை ஊகத்தில் தொட முடியாது. இரண்டாவது செய்தி வந்ததும் அது தொலைந்ததும் கணினியே பதிவு செய்த சான்று ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் இந்த முறைப்பாட்டை மூடவேண்டி வரும் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பதிவு அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை எங்கள் கணினிகளில் திருத்தத்தைப் போடாமலே வைத்திருந்தார். பதிவு செய்கிற கருவியைப் போட்டால் கணினிக்குள் எல்லாம் ஒரு துளி தாமதமாகும். அந்த ஒரு துளியில் பிழை ஒளிந்துகொள்ளும். சுவிட்சைக் கையால் தட்டிப் பார்த்தார். எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் மனிதக் கை அந்தச் சிமிட்டலைவிட மெதுவானது. ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கு மங்கும், அக்கா குனிந்து பார்ப்பார், ஒன்றும் இருக்காது.

அப்போதுதான் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டில் ஒரு செய்தியைச் சொன்னார்கள். எங்கள் லயங்களுக்கு வருகிற சனிக்கிழமை புதிய ட்ரான்ஸ்போமர் போடப்போகிறார்கள். இனி ஸ்டோர் கரண்ட் வேறு, வீட்டுக் கரண்ட் வேறு. விளக்கு மங்காது, பல்ப் வெடிக்காது. பெண்கள் பெரட்டிலேயே கைதட்டினார்களாம். வீரம்மா சந்தோஷமாக வந்து மகளிடம் சொன்னார். இனி ஒன்னோட பொட்டியெல்லாம் முழிச்சிக்கும் என்றார். அக்கா சிரித்தார். பிறகு பின்வாசலுக்குப் போய் நின்றார். எங்கள் கணினிகள் விழித்துக்கொள்ளும், கென்யாவில் இருப்பவை தூங்கிக்கொண்டே இருக்கும். இங்கே மங்குவது நின்றுவிட்டால் சான்று எடுக்க அவர் கைக்கெட்டிய வேறு இடமும் இல்லை.

வியாழக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

“எத்தனையோ வருசமா இந்தக் கையாலதான் போடுறேன். எம்மேல பழி போடாதம்மா.”

“பழி இல்ல மாமா. நீங்க இல்லாட்டி இப்பிடி ஒரு பிழை இருக்குன்னே ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நாளைக்கு மட்டும், எல்லாக் காத்தாடியையும் ஒண்ணா போடுவீங்களா?”

எப்போதும் அப்படித்தானே போடுகிறேன் என்று அப்பா ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றாகப் போடவேண்டும் என்பது ஸ்டோரின் விதி. மழையில் நனைந்து வருகிற மனிதன் ஒரே வீச்சில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கத்தான் போவான். ஆனால் வேண்டுமென்று செய்வதானால் டீமேக்கர் ஐயாவைக் கேட்கவேண்டும் என்றார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா முதலில் மாட்டேன் என்றார். மோட்டார் எரிந்தால் யார் பதில் சொல்வது? அப்பா தலையைச் சொறிந்துகொண்டே நின்றிருக்கிறார். கடைசியில் பாதிக் காற்றாடிகளை ஒரு தரமும் மீதிப் பாதியைக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு தரமும் போடலாம், அதற்குமேல் கேட்காதே என்று சொல்லி அனுப்பினார். ஆக, இரண்டு சிமிட்டல்.

அக்கா வீடு வீடாகப் போய் எல்லாக் கணினிகளிலும் பதிவுக் கருவியைப் போட்டார். கேலி செய்தவர்களும் கொடுத்தார்கள். லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கிற காளியாயி பெரியம்மா மட்டும் கொடுக்கவில்லை. அவருடைய மகள் தனுஷிகா அந்தக் கணினி தூங்கியதால் பள்ளிப் பாடத்துக்கான ஓர் ஒப்படையை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் அழுதிருந்தாள்.

“ஒம்பேச்சக் கேட்டு வாங்கினோம் பாரு,” என்றார் பெரியம்மா, வாசலை மறித்துக்கொண்டு. “அது தூங்குது, எம்புள்ள முழிச்சிக்கிட்டுக் கெடக்கா. இன்னும் என்னா, ஒரேயடியா சாகடிக்கப் போறியா?”

“கரண்ட் கம்பத்துலருந்து தூரமா இருக்குறது ஒங்க காம்பரா பெரியம்மா. ஒங்களுக்குத்தான் கரண்ட் ரொம்ப கொறைஞ்சி வருது. அந்தப் பிழை மாட்டுனா இங்கதான் மாட்டும்.”

“அதாவது, இந்த லயத்துல இருக்குற கேடெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வருதுங்குற.”

“ஆமா பெரியம்மா. எனக்கு இப்ப அந்தக் கேடுதான் வேணும்.”

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். இதைச் சரியாக்கினால் யார் பெயர் வரும் என்று கேட்டார். திருத்தியவர் பெயரும், அதன் கீழே சோதித்துக் கொடுத்தவர்கள் பெயரும் வரும் என்றார் அக்கா.

“அப்ப எம்மக பேரப் போடு. போடுறேன்னு சொன்னாத்தான் உள்ள விடுவேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் லயம் நான் அதுவரை பார்க்காத மாதிரி இருந்தது. இஸ்தோப்பு இஸ்தோப்பாக ஒரு கணினி திறந்திருந்தது. மூட்டம் இறங்கி எதிர் லயத்தை மறைத்துவிட்டது. திரைகளின் நீல வெளிச்சம் மட்டும் வரிசையாக மிதந்தது. யாரும் டீவி போடவில்லை. கொழுந்து லொறி ஏறி வருகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. எங்கள் வாழ்நாள் முழுக்க நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றுக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

விளக்குகள் மங்கின. மேலேயிருந்து காற்றாடிகளின் இரைச்சல் மெல்ல எழும்பி வந்தது. விளக்குகள் நிமிர்ந்தன. அக்கா ஒவ்வொரு இஸ்தோப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். இல்லை. அடுத்ததிலும் இல்லை. கடைசிக் காம்பரா வரைக்கும் இல்லை. தனுஷிகா நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அந்த நீல வெளிச்சம் விழுந்து, தண்ணீருக்குள் இருப்பவர்போலத் தெரிந்தார்.

அப்போது பெரியம்மா எழுந்துபோய் வீட்டுக்குள் இருந்த விளக்குகளையெல்லாம் போட்டார். மின் அடுப்பையும் போட்டு அதன்மேல் கேத்தலை வைத்தார். எங்க வீட்டுக்குக் கரண்ட் கொறையணும், அவ்வளவுதானே, நல்லாக் கொறையட்டும் என்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டாவது தரம் விளக்குகள் மங்கியபோது கடைசிக் காம்பரா ஒரு கணம் முழுதாக இருண்டது. வெளிச்சம் திரும்பியது. தனுஷிகா ஒரு எழுத்தைத் தட்டினாள். அது வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு மெதுவாக, தூக்கத்தில் நடக்கிற ஆளைப்போல, அந்த எழுத்து வந்தது.

“மாட்டிருச்சி,” என்று அக்கா சத்தமில்லாமல் சொன்னார். பதிவைத் திறந்து விரலால் காட்டினார். கரண்ட் போன செய்தி ஒரு வரியில் இருந்தது. வந்த செய்தி அடுத்த வரியில் இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை என்பது அதற்கும் அடுத்த வரியில் இருந்தது. பெரியம்மா அந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேத்தலில் கொதித்த தண்ணீரில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார்.

சனிக்கிழமை ட்ரான்ஸ்போமர் போட்டார்கள். இப்போது சாயங்காலம் காற்றாடி சத்தம் கேட்கும்போது விளக்குகள் அசைவதில்லை. முதல் சில நாட்கள் நாங்கள் எல்லோரும் பழக்கத்தில் ஒருமுறை பல்பை நிமிர்ந்து பார்த்தோம்.

பராமரிப்பாளர் பதிவைப் பார்த்துவிட்டு ஓர் இடத்தை மாற்றி எழுதச் சொன்னார். அக்கா மாற்றினார். மழைக்காலம் தொடங்கிய பிறகு திருத்தம் சேர்க்கப்பட்டது. பிரியந்தி என்ற பெயரின் கீழே தனுஷிகாவின் பெயரும், கென்யா ஆசிரியரின் பெயரும் இருக்கின்றன. பெரியம்மா அந்தப் பக்கத்தைத் தன் போனில் எடுத்துவைத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை வரைக்கும் காட்டிவிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் மரம் அறுக்கும்போதும் கணினிகள் விழித்திருக்கின்றன என்று ஆசிரியர் எழுதினார்.

ஆனால் திருத்தம் தானாக நடந்துவந்து ஒரு கணினிக்குள் ஏறிக்கொள்ளாது. இயங்குதளத்தைப் புதுப்பித்தால்தான் அது வரும். எங்கள் டிவிசனுக்குப் போட்ட ட்ரான்ஸ்போமர் மற்றத் தோட்டங்களுக்கு இன்னும் வரவில்லை. ஸ்டோர் தொடங்கும்போது விளக்கு மங்குகிற லயம் நல்லதண்ணிப் பக்கம் இருக்கிறது, நுவரெலியாப் பக்கம் இருக்கிறது, எனக்குப் பெயர் தெரியாத மலைகளிலும் இருக்கும். அங்கே யாரோ ஒரு பிள்ளை பழைய கணினிக்குச் சுவெட்டர் போட்டுவிட்டு அது விழிக்கும் என்று காத்துக்கொண்டிருக்கலாம். இதை வாசித்தவர்கள் உங்களுக்குத் தெரிந்த அப்படி ஒரு வீட்டுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னாலும் போதும், அவர் இறங்குகிற இடத்தில் அது போய்ச் சேரும்.